தங்க நாணயத்தை எதைக் கொண்டு சோதிப்பது: கருவிகள் மீது ஒரு மதிப்பாய்வு

தங்க நாணயச் சோதனைக் கருவி என்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை, பெயர் தெரிந்த நாணயத்துக்காகச் செய்யப்பட்டவை. தென்னாப்பிரிக்காவின் க்ரூகராண்ட், கனடாவின் மேப்பிள் லீஃப், பிரிட்டனின் சவரன் என்று பட்டியலில் உள்ள ஒன்றை வைத்தால் பதில் சொல்லும். பட்டியலில் இல்லாத காசு வந்தால் கை விரித்துவிடும். ஆனால் சந்தேகம் வருவதே பெரும்பாலும் அப்படிப்பட்ட காசுகளில்தான்: முகம் தெரிந்த மாதிரி இருக்கும், எழுத்து வேறாக இருக்கும், எடை கொஞ்சம் இடிக்கும். எனவே ஒவ்வொரு கருவியையும் இரண்டு கேள்விகளோடு அணுகியிருக்கிறோம். எந்தப் போலியை இது தவறவிடும்? பெயர் தெரியாத காசு கையில் இருந்தால் இது எவ்வளவு தூரம் கூட வரும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதலில் வாங்க வேண்டியது நல்ல தராசு. அடுத்தது விட்டமும் தடிமனும் அளக்கும் காலிப்பர், அதற்கடுத்தது 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். இந்த மூன்றும் இல்லாமல் விலை உயர்ந்த மின்னணுக் கருவியை வாங்குவது வீண்.

தராசு

0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். கூடவே தரப்படுத்தும் எடைக்கல் ஒன்று கட்டாயம் வேண்டும். மலிவான தராசுகள் சில மாதங்களில் நகர்ந்துவிடும், நகர்ந்தது பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு முறையும் சோதிக்கப்போகும் நாணயத்தின் எடைக்கு நெருக்கமான கல்லை முதலில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. 100 கிராம் கல்லை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு 4 கிராம் காசை நிறுத்தால், கீழ் எல்லையில் உள்ள பிழை தெரியாமலே போகும்.

எடை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். எடையும் அளவும் சேர்ந்துதான் சோதனை. பிரிட்டிஷ் சவரனையே எடுத்துக்கொள்வோம். எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மி.மீ., தடிமன் 1.52 மி.மீ. இந்த அளவுக்குள் அடங்கும் உலோகத்தின் கனஅளவு ஏறக்குறைய 0.454 கன செ.மீ.தான். அதே அச்சில் பித்தளையை அடித்தால் 3.9 கிராம் வரும். வெள்ளியில் அடித்தால் 4.8, ஈயத்தில் வார்த்தால் 5.1. போலி செய்பவர் எடையைச் சரிக்கட்ட வேண்டுமானால் காசைத் தடிமனாக்க வேண்டும் அல்லது அகலமாக்க வேண்டும். அளவைச் சரிக்கட்டினால் எடை குறையும். இரண்டிலும் ஒரே நேரத்தில் தேற, தங்கத்தின் அடர்த்திக்குப் பக்கத்தில் வரும் உலோகம் வேண்டும். அப்படிப்பட்டவை மிகச் சில. அவற்றைப் பற்றிப் பின்னால் வருகிறது.

தேய்மானத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சவரன் புழக்கத்தில் இருந்த காலத்தில் 122.5 கிரெயின், அதாவது 7.938 கிராமுக்குக் கீழே போனால் அது செல்லுபடியாகும் எடையை இழந்துவிட்டதாகக் கருதப்பட்டது. எனவே நன்றாகத் தேய்ந்த காசு 7.92 காட்டினால் பதற வேண்டியதில்லை. உருவத்தின் முடியும் எழுத்தும் கூர்மையாக, புதிதுபோல் இருந்தும் 7.85 காட்டினால்தான் யோசிக்க வேண்டும். தேய்மானம் எடையில் தெரிந்தால் முகத்திலும் தெரிய வேண்டும்.

காலிப்பர்

இதில் சொல்ல அதிகம் இல்லை. 0.01 மி.மீ. காட்டும் எண்ம காலிப்பர் போதும். சேகரிப்பு மதிப்புள்ள காசானால், பிளாஸ்டிக் தாடை உள்ளதை எடுங்கள். எஃகுத் தாடை விளிம்பில் கோடு போட்டுவிடும். தடிமனை விளிம்பின் நான்கு இடங்களில் அளக்க வேண்டும். அடித்த காசில் நான்கும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். வார்த்த போலியில் 0.1 மி.மீ. வரைகூட ஏறி இறங்கும்.

நீரில் மூழ்கடித்து அடர்த்தி காணல்

பெயர் தெரியாத காசுக்கு இதைவிட நேர்மையான சோதனை வீட்டில் கிடையாது. இதற்கெனத் தாங்கி, கம்பி, கோப்பை என்று தனித் தொகுப்பாக விற்கிறார்கள். தொகுப்பு தேவையில்லை. சிறிய பிளாஸ்டிக் கோப்பை, மெல்லிய நைலான் நூல், தராசு இருந்தால் போதும்.

காய்ந்த காசை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நீர் ஊற்றித் தராசில் வையுங்கள். நூலில் சுருக்குப் போட்டு காசைத் தொங்கவிட்டு, முழுவதும் நீருக்குள் போகும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி பிடியுங்கள். காசு நீரை விலக்கும் அளவுக்குத் தராசில் எடை கூடும். காய்ந்த எடையை இந்தக் கூடுதல் எடையால் வகுத்தால் வருவதே ஒப்படர்த்தி, அதாவது நீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்ற எண்.

தூய தங்கம் 19.3. செம்பு கலந்த 22 காரட் 17.6 வாக்கில் வரும். கலந்தது வெள்ளியானால் 18.0. அமெரிக்க ஈகிள் நாணயத்தில் வெள்ளியும் செம்பும் இரண்டும் உண்டு, அது 17.8 பக்கம் நிற்கும். 900 நேர்த்தியுள்ள, அதாவது ஆயிரத்தில் 900 பங்கு தங்கமான, பழைய பிராங்க், டாலர், ஆஸ்திரிய கொரோனா காசுகள் 17.2, 17.3. வெள்ளி 10.5, ஈயம் 11.3, செம்பு 9.0, பித்தளை 8.5. தங்கத்துக்கும் மற்றவற்றுக்கும் இடையில் பெரிய பள்ளம் இருப்பதால்தான் இந்தச் சோதனைக்கு இவ்வளவு பலம்.

ஆனால் எங்கே சறுக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். க்ரூகராண்டை மூழ்கடித்தால் கூடும் எடை 1.93 கிராம். அதில் 0.01 பிழை என்பது அரை விழுக்காடு, பரவாயில்லை. சவரனில் கூடுவது 0.45 கிராம். அங்கே 0.01 பிழையே 17.2 முதல் 18.0 வரை விடையை இழுத்துவிடும். அரைச் சவரனில் 0.23 கிராம்தான், விடைக்குப் பொருளே இல்லை. ஆகவே 10 கிராமுக்குக் குறைந்த காசுகளுக்கு 0.001 கிராம் தராசு வேண்டும். அத்தகைய தராசுகள் பெரிய எடையைத் தாங்காது என்பதால், மருந்து ஊற்றிக் குடிக்கும் அளவுள்ள இலேசான கோப்பையைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது சிக்கல் பலருக்குத் தெரியாது. பல கைத்தராசுகள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிகழும் மெதுவான சிறு மாற்றத்தைத் தாமாகவே அழித்துவிடும். கோப்பையை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு காசை மெல்ல இறக்கினால், முதல் சில மில்லிகிராம்களைத் தராசு விழுங்கிவிடும். அடர்த்தி கூடுதலாக வரும், பொய்க்காசு நல்ல காசாகத் தோன்றும். பூஜ்யமாக்காமல் கோப்பையின் எடையை அப்படியே எழுதிக்கொண்டு பிறகு கழிப்பதே சரி.

மூன்றாவது காற்றுக்குமிழி. புடைப்பு உருவத்தின் மடிப்புகளிலும் விளிம்பு வரிகளிலும் ஒட்டிக்கொள்ளும். நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் போய்விடும். நீரின் வெப்பம் 30 பாகை செல்சியஸ் இருந்தால் விடை 0.07 அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். அதற்குக் கவலைப்படத் தேவையில்லை. காது ஒட்டிய காசு, அதாவது பதக்கமாகத் தொங்கவிட்டிருந்த காசு, பற்றுவைத்த உலோகத்தால் குறைவாகக் காட்டும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பொருத்திப் பார்க்கும் அளவுகருவி

ஒரு குறிப்பிட்ட காசின் விட்டம், தடிமன், எடை, வடிவம் நான்கையும் ஒரே அசைவில் சோதிக்கும் நெம்புகோல் வகை. இன்று ஃபிஷ் என்ற பெயரில் கிடைப்பது இந்த வகையில் புகழ்பெற்றது. சிந்தனை புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே பிரிட்டனில் சவரனுக்கும் அரைச் சவரனுக்கும் பித்தளையில் சிறு ஊஞ்சல் தராசுகள் இருந்தன. காசைத் துளையில் வைத்தால், எடை சரியாக இருந்தால் மட்டும் தண்டு சாயும். தடிமனான போலி துளைக்குள் நுழையாது. மின்கலமும் இல்லை, தரப்படுத்தலும் இல்லை. அந்த எளிமைக்காகவே இதை விரும்புகிறோம்.

ஒரே வகைக் காசைத் திரும்பத் திரும்ப வாங்குபவருக்கு இது மிகச் சிறந்த முதலீடு. பத்து நொடியில் ஒரு காசு முடியும். ஆனால் ஒவ்வொரு வகைக்கும் தனிக் கருவி வேண்டும். பெயர் தெரியாத காசுக்குப் பயனே இல்லை. சரியான எடையிலும் அளவிலும் தங்கத்திலேயே அடித்த போலியை இது ஆசீர்வதித்து அனுப்பிவிடும்.

காந்தம்

நியோடிமியம் காந்தம் ஒன்று இருக்கட்டும். ஒட்டினால் அது தங்கக் காசு இல்லை, அங்கேயே வேலை முடிந்தது. ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியவில்லை என்றே பொருள். பித்தளை, செம்பு, ஈயம், வெள்ளி, டங்ஸ்டன் எதுவுமே காந்தத்தில் ஒட்டித் தொங்காது. 'காந்தத்தில் ஒட்டவில்லை, அசல்தான்' என்று சொல்லும் விற்பனையாளரிடம் கூடுதல் எச்சரிக்கை நல்லது.

ஒலிச் சோதனைச் செயலிகள்

காசை விரல் நுனியில் நிறுத்தி இலேசாகத் தட்டினால் எழும் ஒலியைக் கைபேசியின் ஒலிவாங்கி கேட்டு, அதன் அதிர்வெண்களை அந்த வகைக் காசுக்குரியவற்றோடு ஒப்பிடும். கைபேசிச் செயலியாகவே கிடைப்பதால் செலவு குறைவு. 22 காரட் காசு கடினமானது, நீண்டு ஒலிக்கும். தூய தங்கக் காசு மென்மையானது, ஒலி சீக்கிரம் தேயும். நடுவில் வேற்று உலோகம் செருகிய காசு கட்டை ஒலி தரும் அல்லது அதிர்வெண் விலகும்.

இதைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஒலி காசின் முழு உடலிலிருந்தும் வருகிறது, மேற்பரப்பிலிருந்து மட்டுமல்ல. முலாமால் ஏமாற்ற முடியாது. ஆனால் இன்னொரு காசால் தட்டாதீர்கள், தூய தங்கத்தில் குழி விழும். மரக்குச்சி அல்லது பென்சில் போதும். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் காசைச் சோதிக்க முடியாது. விரிசல் விட்ட காசும் காது கழற்றிய காசும் அசலாக இருந்தாலும் தேறாமல் போகலாம். சிறிய, மெல்லிய காசுகளின் ஒலி சில கைபேசிகளுக்கு எட்டாத உயரத்தில் போய்விடும்.

மின்கடத்துதிறன் கருவி

சிக்மா மெட்டாலிட்டிக்ஸ் நிறுவனத்தின் கருவியே இந்த வகையில் பலர் மேசையில் காணப்படுவது. மின்காந்த அலையைக் காசுக்குள் செலுத்தி அதன் மின்தடையை அளக்கிறது. உலோகத்தை முதலில் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு திரையில் உள்ள அடைப்புக்குள் கறுப்புக் கட்டம் வந்து நின்றால் பொருந்துகிறது என்று பொருள். காசைத் தொடவே தேவையில்லை, பிளாஸ்டிக் உறையின் ஊடாகவே அளக்கும். மற்ற எந்த வீட்டுக் கருவியிலும் இல்லாத வசதி இது.

டங்ஸ்டனைப் பிடிப்பதில் இதற்கு நிகர் இல்லை. டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, தங்கத்தினுடையது 19.32. நீரில் மூழ்கடித்தாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் மின்கடத்துதிறனில் தூய தங்கம் டங்ஸ்டனைவிட இரண்டு மடங்குக்கு மேல். கருவி உடனே காட்டிக்கொடுத்துவிடும். இந்த இடத்தில் ஒரு பயத்தையும் நீக்கிவிடலாம். தூய டங்ஸ்டன் தந்திரம் 24 காரட் காசுக்கும் பாளத்துக்கும்தான் பொருந்தும். க்ரூகராண்டின் சரியான அளவில் டங்ஸ்டனை வைத்தால் 33.93 கிராமுக்குப் பதில் 37 கிராம் வந்துவிடும். 22 காரட் காசில் தராசும் காலிப்பருமே அதைப் பிடித்துவிடும். அடர்த்தி குறைத்த டங்ஸ்டன் கலவைக்கு மட்டும் இந்த உறுதி பொருந்தாது.

கருவியின் பலவீனம், கலவை தெரியாதபோது வெளிப்படுகிறது. தங்கத்தில் சிறிதளவு வேற்று உலோகம் சேர்ந்தாலே கடத்துதிறன் செங்குத்தாக விழும். செம்பு கலந்த 22 காரட் நாணயம் தூய தங்கத்தில் நான்கில் ஒரு பங்கு அளவே கடத்தும். எனவே காரட் ஒன்றாக இருந்தாலும் கலந்த உலோகம் மாறினால் அளவீடு மாறும். பிரிட்டனின் பிரிட்டானியா நாணயத்தைப் பாருங்கள்: 1987 முதல் 1989 வரை செம்பு கலந்த 22 காரட், 1990 முதல் 2012 வரை வெள்ளி கலந்த 22 காரட், 2013 முதல் 999.9. ஒரே பெயர், மூன்று உலோகம். ஆண்டைப் பார்க்காமல் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் நல்ல காசைப் போலி என்று ஒதுக்கிவிடுவீர்கள். மேப்பிள் லீஃபும் 1979இல் தொடங்கியபோது 999தான், 1982இல்தான் 999.9 ஆனது. சிட்னியில் 1855இல் தொடங்கிய சவரன்களில் ஆரம்ப காலத்தவை செம்புக்குப் பதில் வெள்ளி கலந்தவை. வெளிர் மஞ்சளாக இருக்கும். நிறம் பார்த்தே பலர் சந்தேகப்படுவது இவற்றைத்தான்.

இன்னொன்று: வேறு உலோகக் கலவை ஒன்று தற்செயலாக அதே கடத்துதிறனில் அமைந்துவிடலாம். அதற்கு எதிரான ஒரே காவல் எடையும் அளவும். இந்தக் கருவியைத் தனியாக நம்பக்கூடாது என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

எக்ஸ்ரே ஒளிர்வு, மீயொலி, உரைகல்

காசின் மீது எக்ஸ்ரே பாய்ச்சி, உலோகம் திருப்பி உமிழும் கதிரைக் கொண்டு கலவையைச் சொல்லும் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியை யாரும் வீட்டுக்கு வாங்க வேண்டியதில்லை, கட்டணம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை விழுக்காடு தங்கம், எத்தனை செம்பு, எத்தனை வெள்ளி என்று பிரித்துச் சொல்வதில் இது அருமை. பெயர் தெரியாத காசின் காலத்தை ஊகிக்கக்கூட அந்தப் பிரிப்பு உதவும். ஆனால் தங்கத்தில் இது பார்ப்பது மேலே உள்ள சில மைக்ரான்களை, மிஞ்சினால் பத்துப் பதினைந்து மைக்ரான்களை மட்டுமே. தலைமயிரின் தடிமனே அதைவிடப் பல மடங்கு. தடித்த முலாம் இருந்தால் '24 காரட்' என்றே அச்சிட்டுத் தரும். அந்தச் சீட்டைக் காட்டி விற்பதும் நடக்கிறது. அறிக்கையில் எடையும் விட்டமும் இல்லாவிட்டால் அந்தச் சீட்டுக்கு மதிப்பில்லை.

மீயொலி தடிமன்மானியில் ஒலி, தங்கத்தில் நொடிக்கு 3,240 மீட்டரும் டங்ஸ்டனில் 5,200 மீட்டர் அளவிலும் ஓடும் என்ற வேறுபாடு பயன்படுகிறது. பாளத்துக்கு நன்று. நாணயத்தின் மெல்லிய உடலும் புடைப்பு உருவங்களும் இதற்கு ஒத்துவருவதில்லை.

உரைகல்லும் அமிலமும் நகைக்கு உரியவை. பழைய நாணயத்தை உரைத்து மாற்றுப் பார்ப்பது அதன் சேகரிப்பு மதிப்பைத் தேய்த்து எறிவதற்குச் சமம். ஏற்கெனவே உடைந்த, வளைந்த, உருக்கப்போகிற காசுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கைலென்ஸ்

மேலே சொன்ன எல்லாக் கருவிகளையும் தாண்டிவிடும் போலி ஒன்று இருக்கிறது: சரியான தங்கத்தில், சரியான எடையில், பொய் அச்சில் அடித்தது. இது கட்டுக்கதை அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சவரனுக்குத் தேவை ஏறியபோது, இத்தாலியிலும் பெய்ரூட்டிலும் தங்கத்திலேயே பொய்ச் சவரன்கள் குவியலாக அடிக்கப்பட்டன. உலோகத்தின் விலைக்கு மேல் சந்தை கொடுத்த கூடுதல் விலையே அவர்களுக்கு இலாபம். பிரிட்டிஷ் நாணயச்சாலை 1957இல் சவரனை மீண்டும் அடிக்கத் தொடங்கியதற்கு இந்தப் போலிகளும் ஒரு காரணம். அவை இன்றும் சுற்றுகின்றன. உருக்கினால் ஏறக்குறைய முழு மதிப்பு உண்டு. அரிய ஆண்டு என்று நம்பி வாங்கினால்தான் இழப்பு.

லென்ஸில் எதைப் பார்ப்பது? அசல் அச்சில் அடித்த காசின் வெற்றுப் பரப்பு சீராக இருக்கும், எழுத்துகள் பரப்பிலிருந்து செங்குத்தாக எழும். பொய் அச்சு பெரும்பாலும் ஓர் அசல் காசிலிருந்து படியெடுத்தது. அதனால் எழுத்தின் அடி மழுங்கி, வெண்ணெயில் வரைந்தது போல் இருக்கும். படியெடுத்த தாய்க்காசில் இருந்த கீறலும் குழியும் எல்லாப் பிள்ளைகளிலும் அதே இடத்தில் வரும். ஒரே குழி இரண்டு காசில் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் பொய். வார்ப்புக் காசில் ஊசி குத்தியது போன்ற நுண்துளைகள் தெரியும், விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு ஓடும் அல்லது அதை அரம் வைத்துத் தேய்த்த தடம் இருக்கும்.

விளிம்பை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். சாதாரண க்ரூகராண்டில் 180 வரிகள், சிறப்புப் பதிப்பில் 220. 1897 முதல் 1935 வரை ஆண்டு பொறித்த சுவிஸ் 20 பிராங்கின் விளிம்பில் 22 நட்சத்திரங்கள். பிரெஞ்சுச் சேவல் 20 பிராங்கின் விளிம்பில் 1906 வரை 'கடவுள் பிரான்ஸைக் காக்கிறார்' என்றும், 1907 முதல் 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்றும் பிரெஞ்சில் எழுதியிருக்கும். ஆண்டும் வாசகமும் ஒத்துப்போகாவிட்டால் மேற்கொண்டு சோதிக்கவே வேண்டாம்.

அரிய ஆண்டுகளில் அச்சுச்சாலைக் குறியை, அதாவது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் சிறு எழுத்தை, தனியாகப் பாருங்கள். குதிரைவீரன் உள்ள சவரனில் அது பெரும்பாலும் தரைக்கோட்டில், ஆண்டுக்கு மேலே, கடுகளவு இருக்கும். லண்டனுக்குக் குறி கிடையாது. 1917ஆம் ஆண்டு லண்டன் சவரன் மிக அரிது, ஆஸ்திரேலியாவில் அடித்த 1917 சாதாரணம். குறியைச் சுரண்டி எடுத்தாலே விலை பல மடங்காகும் என்பதால் அந்த இடத்தில் பரப்பு பள்ளமாகவோ மினுமினுப்பு மாறியோ இருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். போலி செய்தவரே கையெழுத்துப் போட்டதும் உண்டு. 1907 ஆண்டு அமெரிக்க உயர்புடைப்பு 20 டாலர் காசின் புகழ்பெற்ற ஒரு போலியில், கழுகின் நகத்துக்குள் ஒமேகா என்ற கிரேக்க எழுத்து மிகச் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. நல்ல லென்ஸ் இல்லாமல் அது கண்ணில் படாது.

பொய்யும் அல்லாத, அசலும் அல்லாத காசுகள்

வழக்கத்துக்கு மாறான காசுகளில் பெரும்பகுதி ஏமாற்றுவதற்காகச் செய்தவையே அல்ல. இவற்றைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பதுதான் மதிப்பிடுதலின் பாதி.

முதலாவது, அரசு நாணயச்சாலையே பழைய ஆண்டோடு திரும்ப அடித்தவை. 1915 என்று போட்ட ஆஸ்திரிய டூகாட், நான்கு டூகாட், 100 கொரோனா ஆகியவை பெரும்பாலும் பிற்காலத்தவை. மெக்சிகோவின் 50 பெசோவில் 1947 என்ற ஆண்டும் அப்படியே. இவை அசல் தங்கம், அசல் நாணயச்சாலை, ஆனால் பழமைக்கு விலை கிடையாது. நான்கு டூகாட் 40 மி.மீ. அகலமும் 14 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்ட தகடு போன்ற காசு. முதல் முறை பார்ப்பவருக்கு இவ்வளவு மெல்லியதாகத் தங்கக் காசு இருக்குமா என்றே தோன்றும், இருக்கும். எளிதில் வளையும் என்பதால் வளைவும் பொய்யின் அடையாளமல்ல.

இரண்டாவது, சீட்டாட்டக் காய்கள். இளம் விக்டோரியாவின் தலை, பின்னால் குதிரைமேல் முடிசூடிய ஒருவன், 'ஹனோவருக்கு' என்ற ஆங்கில வாசகம் இருந்தால் அது சவரன் அல்ல. 1837இல் கம்பர்லண்ட் பிரபு ஜெர்மனியின் ஹனோவருக்கு மன்னராகப் போனதைக் கேலி செய்த பித்தளைக் காய். மூன்றாம் ஜார்ஜின் தலையும் மண்வெட்டி வடிவக் கேடயமும் கொண்ட, கினி என்ற பழைய பிரிட்டிஷ் பொன் காசைப் போன்ற பித்தளைக் காயில், 'நல்ல பழைய நாள்களின் நினைவாக' என்று ஆங்கிலத்தில் இருக்கும். அசல் கினி 8.35 கிராம், அதில் உள்ளது நீண்ட இலத்தீன் பட்டச் சுருக்கம். 'ஷ்பீல் மார்க்கே' என்று ஜெர்மனில் எழுதியிருந்தால் விளையாட்டுக் காய் என்றே பொருள்.

மூன்றாவது, நகத்தளவுப் பொன் வில்லைகள். மெக்சிகோவின் பேரரசர் மேக்சிமிலியனின் தலையும் 1865 என்ற ஆண்டும் கொண்ட மெக்சிகோ வில்லை பிற்கால நினைவுப்பொருள். சிலவற்றில் ஓரளவு தங்கம் உண்டு, பலவற்றில் முலாம் மட்டும். கலிபோர்னியாவின் சிறு பொன் காசுகளில் அசலானவற்றில் மதிப்பு டாலர் என்றோ சென்ட் என்றோ எழுதியிருக்கும். பின்பக்கத்தில் கரடி மட்டும் பெரிதாக நின்று மதிப்பே இல்லாவிட்டால் அது நினைவுப்பொருள்தான். இத்தகைய வில்லைகளின் எடை ஒரு கிராமுக்கும் கீழே என்பதால் அடர்த்திச் சோதனை வேலை செய்யாது. எக்ஸ்ரேயும் லென்ஸும்தான் வழி.

நான்காவது, தங்கம் பூசிய நினைவு நாணயங்கள். விளம்பரத்தில் '24 காரட்', '999' என்ற சொற்கள் பெரிதாகவும் 'பூசப்பட்டது' என்பது சிறிதாகவும் இருக்கும். '100 மில்ஸ்' என்று பொறித்திருந்தால் அது முலாமின் தடிமனைக் குறிக்க வைத்த சொல், தங்கத்தின் எடை அல்ல. 1933ஆம் ஆண்டு அமெரிக்க 20 டாலர் காசு கையில் இருப்பதாக நினைப்பவர்கள் பலர். தனியார் சட்டப்படி வைத்திருக்கக்கூடியது உலகில் ஒன்றே ஒன்று, 2021இல் 1 கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. மக்கள் கையில் வந்து சேரும் மற்றவை அநேகமாகப் படிகளே. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி படிகளில் 'காப்பி' என்று பொறிக்க வேண்டும். வெளிநாட்டில் செய்தவற்றில் அது இல்லாமலும் வரும், இருந்ததை அழித்தும் வரும்.

ஐந்தாவது வகைதான் மிகச் சுவையானது. 19ஆம் நூற்றாண்டில் பிளாட்டினம் தங்கத்தைவிட மலிவாக இருந்தது. அதன் அடர்த்தி 21.4, செம்பு கலந்தால் தங்கக் காசின் எடைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஸ்பெயினின் பொன் காசுகளையும் சவரனையும் பிளாட்டினத்தில் அடித்து முலாம் பூசினார்கள். விளிம்பிலும் மூக்கு, கன்னம் போன்ற மேடுகளிலும் முலாம் தேய்ந்து சாம்பல் வெள்ளை எட்டிப்பார்த்தால், எடையும் சரியாக இருந்தால், அதைக் குப்பையில் போடாதீர்கள். அந்தக் காலத்துப் போலிகளுக்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், உலோகத்துக்கும் விலை உண்டு.

விலை கணக்கிடுதல்

அடிப்படை விலை என்பது எடை, நேர்த்தி, ஒரு கிராம் தூய தங்கத்தின் அன்றைய விலை மூன்றின் பெருக்கல். காசுக்குள் உள்ள தூய தங்கம் கிராமில்: டூகாட் 3.44, 20 பிராங்க் 5.81, சவரன் 7.32, அமெரிக்க 20 டாலர் பழைய காசு 30.09, 100 கொரோனா 30.49, க்ரூகராண்ட் 31.10, மெக்சிகோ 50 பெசோ 37.50. சவரன் என்ற சொல் தமிழில் 8 கிராம் எடையின் பெயராகவே ஆகிவிட்டதால் வரும் பிழை ஒன்று உண்டு. நாணயத்தை 8 கிராம் தூய தங்கமாக எண்ணிக் கணக்கிட்டால் விலை 9 விழுக்காடு கூடிவிடும். அவுன்ஸிலும் கவனம் தேவை. தங்கத்தின் டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம், சமையலறை அவுன்ஸ் 28.35.

இதற்கு மேல் கிடைப்பது ஆண்டு, அச்சுச்சாலை, நிலை ஆகிய மூன்றைப் பொறுத்தது. மெருகேற்றிய காசு, காது கழற்றிய தழும்புள்ள காசு, விளிம்பு அராவிய காசு ஆகியவை எவ்வளவு அரிய ஆண்டாக இருந்தாலும் பெரிதாக விலை இறங்கும். சாதாரண ஆண்டானால் உலோக விலையோடு நின்றுவிடும். எனவே அழுக்குத் தெரிந்தாலும் தேய்க்காதீர்கள், துடைக்கக்கூடச் செய்யாதீர்கள்.

உலோக விலையைவிடப் பல மடங்கு பெறக்கூடிய காசு என்று தோன்றினால், பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி போன்ற தரப்படுத்தும் நிறுவனத்துக்கு அனுப்புவது கட்டணத்துக்கு ஏற்ற பலன் தரும். அசல்தானா என்று சொல்லி, 1 முதல் 70 வரையுள்ள அளவில் நிலையைக் குறித்து, உறையிட்டுத் தருவார்கள். உலோக மதிப்பு மட்டுமே உள்ள காசுக்கு இந்தச் செலவு வேண்டாம். ஏற்கெனவே உறையிட்ட காசை வாங்கும்போது, உறையையே போலி செய்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. அசல் எண்ணைத்தான் பொய் உறையிலும் அச்சிடுவார்கள். தளத்தில் அந்தக் காசின் படம் இருந்தால், கன்னத்தில் உள்ள ஒரு கீறலை, வெற்றுப் பரப்பில் உள்ள ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, கையில் உள்ளதில் அதே இடத்தில் அது இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.